உங்களுக்குத் தெரியுமா? அமிலம் ‘புகைய’ காற்றில் ஈரம் வேண்டும்

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் மூடியைத் திறந்ததும் வெளியேறும் வாயுவுக்கு நிறமே கிடையாது. கண்ணில் படும் வெண்புகை, அந்த வாயு காற்றிலுள்ள நீராவியை இழுத்துச் சேர்த்து உண்டாக்கும் நுண்ணிய அமிலத் துளிகள்.

• சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்ட் போன்ற புறநகர்களில் வீட்டு நீச்சல் குளத்துக்கு ஊற்றும் ‘பூல் ஆசிட்’ இதே அமிலம்தான். அடர்த்தி ஏறத்தாழ 32 சதவீதம். புழுக்கமான கோடை நாளில் கேன் மூடியைத் திருகினால் வாயருகே வெண்மையாக ஆவி சுருண்டு எழும். வறண்ட நாளில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மூக்கை எரிக்கும் வாயு இரண்டு நாளும் வருகிறது, ஏமாற வேண்டாம்.

• அடர்த்தி 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் புகைவது பெரும்பாலும் அடங்கிவிடும்.

• எல்லா அடர் அமிலமும் புகையாது. பெயரைக் கேட்டாலே அஞ்சவைக்கும் 98 சதவீதக் கந்தக அமிலம், அறை வெப்பநிலையில் சாதுவாகக் கிடக்கும். அது கொதிக்க 300 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடு தேவை. அதிலேயே கந்தக டிரைஆக்சைடைக் கரைத்து ‘ஓலியம்’ ஆக்கினால் கடுமையாகப் புகையும்.

• ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பக்கத்தில் அம்மோனியாப் புட்டியைத் திறந்தால் திரளும் வெண்புகை வேறு வகை. அது திடப்பொருள்: நவச்சாரத் துகள்கள்.

• பூல் ஆசிட்டையும் பூல் குளோரினையும் ஒருபோதும் கலக்காதீர்கள், ஒரே தட்டில் அடுக்கியும் வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிவரும்.