மருங்கூர்த் தாழிகள்

காடாம்புலியூர் வட்டாரத்து மருங்கூரில், செம்மண்ணுக்குக் கீழே ஒரு பழைய இடுகாடு இருக்கிறது. இறந்தவரின் எலும்புகளை, சில சமயம் உடலையே, கனத்த சுடுமண் தாழியில் வைத்துப் புதைத்த காலத்தைச் சேர்ந்தது அது.

தாழியோடு வைத்த கறுப்பு-சிவப்புக் கலயத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உட்புறமும் வாய்விளிம்பும் கறுப்பு, அடிப்பகுதி சிவப்பு. சூளையில் கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத பக்கம் கறுத்துவிட்டது. எவ்வளவு தேர்ந்த கை! இறந்தவருக்கென்று இவ்வளவு பக்குவமாகச் செய்திருக்கிறார்கள்.

கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்லிக் குயவரிடம் கேட்பதுதான் புறநானூற்றின் 256ஆம் பாடல். அப்படிப்பட்ட துயரம் இந்த மண்ணிலும் இருந்திருக்கும்.

2024 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு அகழாய்வு தொடங்கிய எட்டு இடங்களில் மருங்கூரும் ஒன்று. தாழிகளுக்கு வெகுகாலம் பிந்திய இராசராச சோழன் காலத்துச் செம்புக்காசும் இங்கே கிடைத்தது.

ஏர் ஓட்டும்போதோ கிணறு வெட்டும்போதோ வட்டமாக ஒரு விளிம்பு தெரிந்தால் கடப்பாரையை நிறுத்துங்கள். புதையல் என்று நினைத்து உடைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பவர் நம் ஊர்க்காரர். கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே சொல்லுங்கள்.