வேடம் புனைந்தோர் ஓட்டம்

ஓட்டப் பந்தயமென்றால் வென்றவர் ஒருவர், தோற்றவர் பலர் என்பதே உலக வழக்கு. கலாசாலை விளையாட்டு விழாக்களிலும் முதல் மூவர்க்கே பரிசு. ஏனையோர் கைதட்டுதற்கு உரியர். இதற்கு மாறாகத் தையலும் சித்திரமும் கூத்தும் கலந்த ஓட்டமொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேல்கரையிலுள்ள ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் நடைபெற்று வருகின்றது. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1906-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ஆம் நாள் விடியற்காலையில் அந்நகரைப் பெரும் பூகம்பம் குலுக்கிற்று. உடன் மூண்ட தீ நாட்கணக்காய் எரிந்தது. சுமார் 3,000 பேர் மாண்டனர். நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. வீடுகள் மீண்டும் எழும்பின. ஆனால் ஜனங்களின் மனச்சோர்வு அத்துணை எளிதில் நீங்கவில்லை. அதனைப் போக்கவும், 1915-இல் அங்கு நடக்கவிருந்த பனாமா-பசிபிக் பொருட்காட்சிக்கு ஊக்கமூட்டவும் 1912-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இவ்வோட்டம் தொடங்கப்பெற்றது. ஓடினவர் 200-க்கும் குறைவு. பாபி வ்லுட் என்பார் 44 நிமிஷம் 10 விநாடியில் முதல்வராய் வந்தார்.

கிழக்கே வளைகுடாவினருகே புறப்பட்டு, மேற்கே பசிபிக் மகாசமுத்திரத்தின் அலைகள் உடையுங் கரையில் முடிவதால், பிற்காலத்தில் இதற்கு 'பே டு பிரேக்கர்ஸ்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. தூரம் சுமார் 12 கிலோமீட்டர். இடையே ஹேய்ஸ் தெருவின் செங்குத்தான மேடு ஓடுவோரை நன்கு சோதிக்கும்.

வேடம் புனைதலே இதன் தனிச்சிறப்பு. எனினும், எல்லா வேடமும் விளையாட்டிற்காக அன்று. 1940-இல் பாபி பர்க் என்னும் பெண்மணி ஆண்வேடந் தரித்து ஓடினார். பெண்களுக்கு அப்போது அனுமதியில்லை. முறைப்படி அவர்கள் சேர்க்கப்பெற்றது 1971-லேயே. முப்பத்தோராண்டுக் காலத் தாமதம் அந்நகருக்குப் புகழ் தருவதன்று.

1978-இல் டேவிஸ் என்னும் ஊரைச் சேர்ந்த ஓட்டக்காரர் சிலர் ஒரு புதுமை செய்தனர். பதின்மூவர் ஒருவர் பின் ஒருவராய்ப் பிணைந்து பூரான் வடிவில் ஓடினர்! நகைப்புக்கிடமாகத் தோன்றும் இதில் அரியதோர் அப்பியாசம் உண்டு. பதின்மூவரும் ஒரே அடிவைப்பில் ஓடவேண்டும். வேகமுள்ளவன் முந்தவொண்ணான், ஒருவன் இடறினால் அனைவரும் தடுமாறுவர். ஆதலின் மூச்சையும் காலையும் அயலானோடு பொருத்தி ஓடுதல் இன்றியமையாததாகின்றது. இவ்வாறு ஓடுவோர்க்கென இன்றும் தனிப்போட்டி உண்டு.

வேடத்திற்கு வேறொரு நன்மையும் உளதென்று கருதுகிறோம். பருத்த உடலினரும், முதியோரும், கூச்சமுடையோரும் வெறுமனே ஓட அழைத்தால் வாரார். காகிதமும் துணியும் ஒட்டி ஓருருவம் சமைத்துக்கொண்டாலோ, நகைப்பார்க்கு அஞ்சவேண்டுவதில்லை. நகைப்பிப்பதே அவர் நோக்கமாகிவிடுகின்றது. 1986-இல் 1,10,000 பேர் கலந்துகொண்டனரெனக் கணக்கிடப்பட்டது.

கூட்டம் பெருகவே குடியும் குப்பையும் பெருகின. தெருவாசிகள் முறையிட்டனர். 2009-இல் மதுவையும் வண்டிகளையும் விலக்க நடத்துவோர் முற்பட்டபோது, களிப்பே போய்விடுமெனப் பலர் கூக்குரலிட்டனர். தெருவாசிகளின் பக்கமே நியாயம் என்பது எமது எண்ணம். கொரோனா நோய் பரவிய 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் ஓட்டம் நடைபெறவில்லை. 2022-இல் மீண்டும் நடந்தது.

ஸால்மன் என்னும் மீன், முட்டையிடக் கடலினின்று ஆற்றையெதிர்த்து நீந்துவது. அம்மீன் வேடம் பூண்ட குழுவொன்று, ஓட்டம் முடியுமிடத்தில் புறப்பட்டு, பல்லாயிரவரை எதிர்த்துத் தொடக்க இடம் நோக்கி ஓடிவருவதுண்டு. அவர்களுக்குப் பரிசு ஏதுமில்லை. எதிர்வருவோர் வழிவிட்டு ஆரவாரிப்பர்.