மாற்ற முடியாத பேரேட்டில் உழைப்பவரின் பெயர் எங்கே?

கல்லணை முதல் கோடியக்கரை வரை விளையும் நெல் நேரடிக் கொள்முதல் நிலையம், கிடங்கு, அரைவை ஆலை, நியாயவிலைக் கடை எனப் பல கை மாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எடை குறையலாம், கணக்கு திருத்தப்படலாம். இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படும் தொழில்நுட்பம் பிளாக்செயின். தமிழ்நாடு அரசு 2020-இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. அதை உழைக்கும் தலித் மக்களின் நிலையிலிருந்து நாம் மதிப்பிட வேண்டியுள்ளது.

பிளாக்செயின் என்பது ஒரே நேரத்தில் பலரிடம் இருக்கும் பேரேடு. அதன் ஒவ்வொரு பதிவுத் தொகுப்பும் முந்தைய தொகுப்பின் கணிதக் குறியைத் தாங்கியிருக்கும். பழைய பதிவை ஒருவர் திருத்தினால் குறி பொருந்தாது. மற்றவர்களிடமுள்ள படிகள் அதைக் காட்டிக்கொடுக்கும். வால்மார்ட் நிறுவனம் ஐபிஎம்முடன் நடத்திய சோதனையில், மாம்பழத் துண்டுகள் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தன என்று அறிய ஏறத்தாழ 7 நாள் பிடித்த வேலை 2.2 நொடியில் முடிந்தது. நமது 40 கிலோ நெல் மூட்டை எந்த இடத்தில் எடை குறைந்தது என்பதையும் இவ்வாறு கண்டறியலாம்.

ஆனால், இப்பேரேடு எழுதியதைக் காக்குமே தவிர, எழுதியது உண்மையா எனச் சோதிக்காது. 17 விழுக்காடு ஈரப்பதமுள்ள நெல்லை 20 எனப் பதிந்தால், அந்தப் பொய்யும் அழியாமல் நிற்கும்.

சங்கிலி எங்கே தொடங்குகிறது?

கொள்முதல் நிலையம் கேட்பவை சிட்டாவும் அடங்கலும். ஆகவே சங்கிலியின் முதல் கண்ணியே நிலத்தின் பதிவுதான். நட்டவர், அறுத்தவர், மூட்டை சுமந்தவர் அதில் இல்லை. டெல்டாவில் இவர்களுள் பெரும்பகுதியினர் நிலமற்ற தலித் மக்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரும் நெல் கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1969-இல் வந்தது. ஆயினும் வாய்மொழிக் குத்தகை இன்றும் தொடர்கிறது. பெயரைப் பதியக் கோரினால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற அச்சமே காரணம். பேரேடு இருந்தும் அதில் தம் பெயரை எழுதச் செய்யும் வலிமை உழுதவரிடம் இல்லை. கோடியக்கரையை அடுத்த அகஸ்தியம்பள்ளி உப்பளங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். உப்பு புறப்பட்ட இடத்தை மட்டும் பதியும் பேரேட்டில், அதை வாரியவரின் கூலி இடம்பெறாது.

2018-இல் மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் தொடங்கிய டிரேட்லென்ஸ் என்னும் கப்பல் சரக்குப் பேரேட்டை மூடுவதாக 2022 நவம்பரில் அறிவித்தனர். துறை முழுவதன் ஒத்துழைப்பும் கிட்டாததே அதற்குக் கூறப்பட்ட காரணம். பெருநிறுவனங்களே தமக்குள் பகிரத் தயங்கிய பேரேட்டை, நிலவுடைமையாளர்கள் கூலித் தொழிலாளர்களோடு தாமாகப் பகிர்வார்கள் என எதிர்பார்க்க இயலாது.

நாம் கேட்க வேண்டியவை

முதலில் வாய்மொழிக் குத்தகைதாரர்களின் பெயர் பதியப்பட வேண்டும். கூலியும் சுமைக்கூலியும் தொழிலாளரின் ஒப்புதலோடு பதிவாக வேண்டும். அதன் தமிழ் அச்சுப்படி அவர் கையில் தரப்பட வேண்டும். தவறான பதிவை மறுத்துத் திருத்தப் பதிவு சேர்க்கும் வழி வேண்டும். கூலி கேட்டவரின் பெயர் வேலை மறுப்புப் பட்டியலாக மாறாதபடி மறைகாப்பும் தேவை. நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை உரிமையை வழங்கியதைப் போல, கொள்முதல் பேரேட்டையும் கிராம சபை தணிக்கை செய்ய வேண்டும். இவையின்றி வரும் பிளாக்செயின், பழைய மிராசு கணக்கையே அழிக்க முடியாததாக்கிவிடும்.