தென்னையும் பனையும்

“தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்” என்று உங்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். தென்னையின் பலன் நட்டவருக்கே கிடைக்கும். பனையின் பலன் அடுத்த தலைமுறைக்குத்தான் கிட்டும் என்பது இதன் பொருள். அப்படியானால், இவ்வளவு காலம் காக்கவைக்கும் பனையை ஏன் நட வேண்டும்?

இதற்கு விடை காணக் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மயிலாடிக்குப் போவோம். கல் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. தெற்கே மருந்துவாழ்மலை தெரிகிறது. மேற்கே சுசீந்திரத்தை நோக்கி நடந்தால் நாஞ்சில் நாட்டு வயல்கள். வாய்க்கால் கரைகளில் தென்னைகள். கிழக்கே அஞ்சுகிராமத்தைத் தாண்டித் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் நுழைந்தால் வறண்ட செம்மண் நிலம்; அங்கே பனைகள். சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மரம் மாறிவிடுகிறது!

மாற்றியது எது? தண்ணீர்தான். மாவட்டத்தின் மேற்கே மழை அதிகம். கிழக்கே போகப் போகக் குறையும். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர் வாய்க்கால் வழியாக நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு வருகிறது. அந்த நீர் எட்டாத மேட்டு நிலம் மழையையே நம்பிக் கிடக்கிறது.

ஒரே குடும்பம்

தென்னை, பனை இரண்டும் ஒருவித்திலைத் தாவரங்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தென்னையின் அறிவியல் பெயர் கோகஸ் நியூசிஃபெரா. பனையின் பெயர் பொராசஸ் ஃபிளபெல்லிஃபெர். இரண்டுக்கும் கிளை இல்லை. உச்சியில் ஒரே ஒரு குருத்துதான். அந்தக் குருத்தை வண்டு குடைந்து அழித்துவிட்டால் மரமே பட்டுப்போகும்.

வேற்றுமைகளும் உண்டு. தென்னையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே பாளையில் இருக்கும். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தை அலகுப்பனை என்றும், பெண் மரத்தைப் பருவப்பனை என்றும் சொல்வார்கள். பாளை வெளிவரும் வரை எது ஆண், எது பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

தென்னைக்கு என்ன வேண்டும்?

வெப்பமும், நல்ல வெயிலும், நீர் தேங்காத மணற்பாங்கான மண்ணும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டு முழுவதும் தட்டாமல் நீர் வேண்டும். தென்னையின் சல்லி வேர்களில் பெரும்பகுதி, மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள், மண்ணின் மேற்பகுதியிலேயே இருக்கிறது. மேல்மண் காய்ந்தால் மரம் தவித்துப்போகும். மண்ணையும் வெயிலையும் பொறுத்து, வளர்ந்த மரம் ஒன்றுக்குச் சொட்டுநீராகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 65 லிட்டர் வரை தேவைப்படும்.

இன்னொரு வியப்பான செய்தி. பாளையின் முதல் அரும்பு குருத்துக்குள் தோன்றி, அது பாளையாக வெடித்து, காய் முற்றுவதற்கு ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகின்றன. ஆகவே இந்த ஆண்டு மரம் வாடினால் இழப்பு இந்த ஆண்டோடு போகாது. அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்கும் காய்ப்பில் அது தெரியும்.

நீர் கிடைத்துவிட்டாலோ தென்னை தாராளமாகத் தருகிறது. நெட்டை வகை 6, 7 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். அதன் பின் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு பாளை.

பனைக்கு என்ன வேண்டும்?

பனைக்கும் வெயில் வேண்டும். ஆனால் வளமான மண் வேண்டும் என்று அது கேட்பதில்லை. ஆண்டுக்கு 500, 600 மில்லிமீட்டர் மழை பெய்தாலே தாக்குப்பிடிக்கும்.

இந்த வல்லமையின் இரகசியம் முளைப்பிலேயே இருக்கிறது. தேங்காய் முளைக்கும்போது குருத்து நேரே மேலே வருகிறது. பனங்கொட்டையோ முதலில் ஒரு தண்டைக் கீழ்நோக்கி மண்ணுக்குள் செலுத்துகிறது. முளை அதன் நுனியில் ஆழத்துக்குப் போய், மாவுப்பொருளைச் சேர்த்துக் கிழங்காகப் பருக்கிறது. பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அதுதான்! ஓலை வெளியே வருவதற்கு முன்பே கன்று மண்ணின் ஆழத்தில் ஊன்றிக்கொள்கிறது. ஆடு மேய்ந்தாலும், மேல்மண் காய்ந்தாலும் அது மீண்டும் தளிர்க்கும்.

இப்படி அடித்தளம் போடுவதிலேயே பல ஆண்டுகள் கழிகின்றன. பாளை வர 12 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகும். பழமொழி பிறந்த காரணம் இதுதான். ஆனால் ஒரு முறை நிலைத்துவிட்டால் நூறாண்டைத் தாண்டியும் நிற்கும்.

பயன்கள்

தேங்காயும் எண்ணெயும் தென்னையின் முதன்மையான பயன்கள். மட்டையிலிருந்து கயிறு, சிரட்டையிலிருந்து கரி. இம்மாவட்டத்து ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

பனையின் பெரும் செல்வம் பதநீர். குமரி மாவட்டத்தில் அதை அக்கானி என்பார்கள். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுச் சொட்டாக வடியும். அதில் நூற்றுக்கு 12 பங்கு அளவுக்குச் சர்க்கரை உண்டு. காற்றிலுள்ள ஈஸ்ட் விழுந்தால் அது நொதித்துக் கள்ளாகிவிடும். அதைத் தடுக்கவே கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். காரத்தன்மையில் ஈஸ்ட் வேலை செய்யாது. ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். நுங்கு, பழம், கிழங்கு, ஓலை, நார் எல்லாம் இதற்கு மேல்.

பனைக்குத் தேவையான இன்னொன்று

தென்னையைவிடப் பனை மிகுதியாகக் கேட்பதும் ஒன்று உண்டு. அது மனித உழைப்பு! தேங்காய் பறிக்க ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை ஏறினால் போதும். பதநீர் இறக்கவோ பருவம் முழுவதும் ஒவ்வொரு மரத்திலும் நாளுக்கு இருமுறை ஏற வேண்டும். தவறி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பனையேறிகளின் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போகிறார்கள். ஏற ஆளில்லாத பனை, உரிமையாளர் கண்ணுக்கு விறகாகத் தெரிகிறது. செங்கல் சூளைக்குப் போகிறது.

அந்த இடத்தில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பித் தென்னை வைப்பவர்களும் உண்டு. நிலத்தடி நீர் வற்றினால் தென்னையும் வாடும். வெட்டிய பனையும் உடனே திரும்பாது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது.

எனவே எது சிறந்த மரம் என்று கேட்பதில் பொருளில்லை. வாய்க்கால் கரைக்குத் தென்னை. நீர் எட்டாத மேட்டுக்குப் பனை. ஆனால் பனை நிலைக்க வேண்டுமானால் அதில் ஏறுபவரின் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும். எந்தப் பனையிலும் அச்சமின்றி ஏற உதவும் எளிய, மலிவான கருவி ஒன்றை உங்களில் எவரேனும் உருவாக்கலாமே!

செய்து பாருங்கள்

ஆவணி மாதத்தில் பனம்பழம் விழும்போது ஐந்தாறு கொட்டைகளை மணற்பாங்கான இடத்தில் புதைத்து வையுங்கள். தை மாதம் இரண்டைத் தோண்டிப் பாருங்கள். முளை கீழே போயிருப்பதைக் காண்பீர்கள். கொட்டையை உடைத்தால் உள்ளே இனிப்பான தவுண் இருக்கும். மற்றவற்றைத் தோண்டாமல் விட்டுவிடுங்கள். உங்களுக்கு இப்போது 14 வயது என்றால், அவை பாளை விடும்போது நீங்கள் முப்பதை ஒட்டியிருப்பீர்கள். சிறுவயதிலேயே பனை வைத்தவன், பார்ப்பதோடு நில்லாமல் தின்னவும் செய்வான்!