கருவை வடிவமைக்கும் வைட்டமின் ஏ

முட்டை, ஈரல், பால் ஆகியவற்றில் நேரடியாகவும், கீரை, காரட், பப்பாளி ஆகியவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் வழியாகவும் கிடைக்கும் வைட்டமின் ஏ, கண்பார்வைக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், அதன் பணி கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது. உடல் இச்சத்தை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றுகிறது. அவ்வமிலம் உயிரணுவின் உட்கருவை அடைந்து, ஏற்பிகள் எனப்படும் புரதங்களுடன் இணைந்து, எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும் என்பதை நெறிப்படுத்துவதால், இதயமும் மூளையும் கை கால்களும் உரிய இடத்தில் உருப்பெறுகின்றன.

அமெரிக்காவின் டெக்சாஸில், வைட்டமின் ஏ அற்ற தீவனத்தில் வளர்க்கப்பட்ட பன்றி ஈன்ற 11 குட்டிகளும் கண்விழிகளே இன்றிப் பிறந்ததை 1933-இல் ஃபிரெட் ஹேல் பதிவு செய்தார். மிகுதியின் விளைவோ இதனினும் வியப்பூட்டுவது: ஒடிசாவின் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொகந்தியும் உடன் ஆய்வாளர்களும், வால் வெட்டப்பட்ட தலைப்பிரட்டைகளை வைட்டமின் ஏ கலந்த நீரில் விட்டபோது, வெட்டுப்பட்ட இடத்தில் வாலுக்குப் பதிலாகக் கால்கள் முளைத்ததை 1992-இல் வெளியிட்டனர்.

முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையும் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்ததே. கருவுற்ற பெண் அதை உட்கொண்டால் குழந்தையின் காது, இதயம், மூளை ஆகியவை பாதிக்கப்படக்கூடும் என்பதை, அம்மாத்திரையைத் தரும் ஒவ்வொருவரும் தெளிவாக எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும்.

அதே ரெட்டினாயிக் அமிலத்தைத்தான் ஷாங்காய் மருத்துவர் வாங் சென்யீ, 1980-களில் ஒருவகைக் கடும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக்கினார். முதிராமல் பெருகிய வெள்ளணுக்களை அழிக்காமல் அது முதிரச் செய்கிறது. பின்னாளில் ஆர்சனிக் மருந்தும் உடன் சேர்ந்தபோது, விரைந்து உயிர்பறித்த அந்நோயிலிருந்து பெரும்பாலானோர் குணமடையத் தொடங்கினர்.