மலை பார்த்து வழி பிடித்தவர்கள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரிதான் பிழைப்பு. இங்கிருந்து கிளம்பும் சரக்கு லாரியும் போர்வெல் ரிக் வண்டியும் கைபேசி வருவதற்கு முன்பே இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் போய்த் திரும்பின. இந்தி எழுத்து தெரியாத டிரைவர்கூட ஆற்றுப் பாலத்தையும் தாபாவையும் அடையாளம் வைத்து அசாம் வரை ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து வந்த கிளீனர் அதைப் பார்த்தே வழி பழகினார்.

இந்த வித்தை குடியிருக்கும் இடம் ஹிப்போகேம்பஸ். மூளையில் காதுக்கு உட்புறமாகப் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சிறு பகுதி இது. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்களை 1971-இல் ஜான் ஓ'கீஃப் இங்கேதான் கண்டார். 2005-இல் மோசர் தம்பதியர், இதை ஒட்டிய பகுதியில், கட்டம் போட்டதுபோல் சம இடைவெளிகளில் துடிக்கும் செல்களைக் கண்டனர். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சேலத்திலிருந்து தெற்கே நாமக்கல் போகும்போது கொல்லிமலை இடப்பக்கம் தெரியும். திரும்பி வரும்போது அது வலப்பக்கம் இருக்கும். எதிரே சேர்வராயன் மலை எழும். இரண்டு முறை போய்வந்தால், எந்தச் சந்தில் நுழைந்தாலும் கிழக்கு எது என்று தலை சொல்லிவிடும். மூளை தனக்கென்று ஒரு வரைபடம் வரைந்துகொள்வது இப்படித்தான்.

அந்த வரைபடத்தை அன்றாடம் புழங்கினால் மூளையே மாறுகிறது. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களின் ஹிப்போகேம்பஸில் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000-இல் எலினார் மக்வயர் குழு காட்டியது. சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்தால்தான் அங்கே அவர்களுக்கு உரிமம். 2006-இல் அதே குழு பஸ் ஓட்டுநர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அதே ஊர், அதே நெரிசல். ஆனாலும் குறித்த தடத்திலேயே ஓடும் பஸ் ஓட்டுநர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை. ஆக, வண்டி ஓட்டுவதால் மட்டும் ஹிப்போகேம்பஸ் வளர்வதில்லை. வழியைத் தானே தேடுவதுதான் வளர்க்கிறது.

கைபேசி நம்மைத் தடத்தில் ஓடும் பஸ் ஆக்கிவிடுகிறது. 2017-இல் வெளிவந்த ஆய்வில், லண்டனின் சோஹோ தெருக்களைத் திரையில் கடந்தவர்களின் மூளை ஸ்கேன் செய்யப்பட்டது. தாமே வழி தேடியபோது, புதுத் தெருவுக்குள் நுழைகையில் ஹிப்போகேம்பஸ் சுறுசுறுப்பானது. கருவி வழி சொன்னபோது அந்த எழுச்சியே இல்லை. 2020-இல் கனடாவின் மாண்ட்ரியலில் 50 ஓட்டுநர்களைச் சோதித்தபோது, ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பியவர்களின் இட நினைவு பலவீனமாக இருந்தது. மூன்று ஆண்டு கழித்து அவர்களில் 13 பேரை மறுபடி சோதித்தார்கள். அதிகம் பயன்படுத்தியவர்களிடம் சரிவும் அதிகம். 13 பேரை வைத்து முடிந்த முடிவு சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனால் ஆய்வுகள் காட்டும் திசை ஒன்றுதான்.

மற்ற நினைவுகளுக்கும் இது பொருந்துகிறது. கணினி சேமித்து வைத்திருக்கும் என்று நம்பியவர்கள், தாங்கள் தட்டச்சு செய்த தகவல்களைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று 2011-இல் பெட்ஸி ஸ்பாரோ குழு கண்டது. வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது என்றால் மூளை மெனக்கெடுவதில்லை.

கைபேசியைத் தூக்கி எறியத் தேவையில்லை. அறியாத ஊரில் நள்ளிரவில் லோடு இறக்கும் டிரைவருக்கு அது பெரிய துணை. கிளம்புமுன் முழு வழியையும் ஒருமுறை பாருங்கள். வரைபடத்தில் வடக்கு எப்போதும் மேலே நிற்கும்படி வையுங்கள். பழகிய ஊரில் குரலை அணைத்துவிடுங்கள். வழி தவறினால், டீக்கடையில் நிற்பவரிடம் கேளுங்கள். "வேப்பமரத்துக்கிட்ட மேக்கால திரும்புங்க" என்பார். அடையாளமும் திசையும் சேர்ந்த அந்தப் பதிலில் மூளைக்கு வேலை இருக்கிறது. "200 மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்பதில் இல்லை.