ஒரு கண் மட்டும் ஏன் வெள்ளையாக மின்னுகிறது?

ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கண்மணி சிவப்பாகத் தெரிந்தால் பயமில்லை. விழித்திரைக்குப் பின்னாலுள்ள ரத்த நாளங்களில் பட்டுத் திரும்பும் ஒளி அது. ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினால்? படக்கோணம் காரணமாகலாம், கண்புரையாகலாம். விழித்திரையில் வளரும் வெளிறிய கட்டியாகவும் இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற இந்த அரிய புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும். 13ஆம் குரோமோசோமிலுள்ள ஆர்பி1 மரபணு, செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் காவலாளி. அதன் இரு பிரதிகளும் பழுதானால் கட்டி தொடங்கும். கர்ப்பகாலத்தில் கிரகணத்தைப் பார்த்தாள் என்று தாயைக் குறை சொல்வதெல்லாம் அபத்தம். வெள்ளை மின்னல் தெரிந்தால் கண் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது; மதுரையை அடுத்த காரியாபட்டிக்காரர்களுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பக்கம்தான். அங்கே சொட்டு மருந்துவிட்டுக் கண்மணியை விரித்துப் பார்ப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் லேசர், கீமோ மூலம் பார்வையையும் காப்பாற்ற வாய்ப்புண்டு.